மகிழுந்துக் கதவுச் சாளர ஓரப்பட்டை

மகிழுந்துக் கதவுச் சாளர ஓரப்பட்டை என்பது மகிழுந்தின் கதவுக் கண்ணாடியைச் சுற்றியும், அக்கண்ணாடி கதவுக்குள் இறங்கும் பிளவின் இரு பக்கங்களிலும் பொருத்தப்படும் உலோக, ரப்பர், ஃபெல்ட் பட்டைகளின் தொகுதி ஆகும். பழுதுபார்க்கும் பட்டறைகளில் இவை பீடிங், கண்ணாடி ரப்பர், சேனல் முதலிய பெயர்களால் அழைக்கப்படுகின்றன. இவற்றின் வெளிப்புறம் பளபளப்பாக இருப்பதனால் இவை அழகுக்காக மட்டும் பொருத்தப்படுபவை என்று கருதப்படுவது உண்டு. உண்மையில் இவை கண்ணாடியை அதிராமல் பிடித்து வைத்தல், காற்றிரைச்சலைக் குறைத்தல், கண்ணாடியில் வழியும் மழைநீரின் பெரும்பகுதியைக் கதவுக்கு வெளியே தள்ளுதல் ஆகிய பணிகளைச் செய்கின்றன.

பழைய மகிழுந்துகளில் இப்பட்டைகள் காலப்போக்கில் இறுகி, வெடித்து, சுருங்கிவிடுகின்றன. அதன் பின்னர் கதவுக்குள் செல்லும் நீரின் அளவு கூடுவதால் கதவின் அடிப்பகுதி உட்புறமிருந்து துருப்பிடிக்கின்றது. வெளியே பூச்சு கொப்புளிக்கும்போதே இத்துரு கண்ணுக்குப் புலப்படும். அந்நிலையில் தகடு பெரும்பாலும் அரிக்கப்பட்டிருக்கும். எனவே ஓரப்பட்டையைக் கழற்றி மாற்றுதல் பழைய மகிழுந்துகளைப் பேணுவதில் முக்கியமான வேலைகளுள் ஒன்றாகும்.

வரலாறு

தொடக்ககால மகிழுந்துகளுள் பெரும்பாலானவை திறந்த உடலமைப்புக் கொண்டவை. மழை பெய்யும்போது பக்கவாட்டில் துணித்திரைகளைத் தொங்கவிடுவது வழக்கமாக இருந்தது. 1920களில் மூடிய உடலமைப்பு விரைவாகப் பரவியது. ஐக்கிய அமெரிக்காவில் 1924 ஆம் ஆண்டில் ஏறத்தாழ 43 விழுக்காடாக இருந்த மூடிய வண்டிகளின் பங்கு, 1927 ஆம் ஆண்டில் ஏறத்தாழ 85 விழுக்காடாக உயர்ந்தது. இதனுடன் கைப்பிடியைச் சுழற்றி ஏற்றி இறக்கும் கண்ணாடியும், அக்கண்ணாடி ஓடுவதற்கான ஃபெல்ட் பதித்த தடமும் பொதுவாயின.

1933 ஆம் ஆண்டு மாதிரிகளில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் முன்கதவில் அச்சில் திரும்பும் சிறிய காற்றுக்கண்ணாடியை அறிமுகப்படுத்தியது. பின்னர் பல நாடுகளின் வண்டிகளிலும் இது இடம்பெற்றது. இதனால் கதவுச் சாளரம் இரு பகுதிகளாகப் பிரிந்தது. இரண்டுக்கும் இடையே ஒரு செங்குத்துக் கம்பமும், காற்றுக்கண்ணாடியைச் சுற்றித் தனியான ரப்பரும் தேவைப்பட்டன. இன்று பழைய வண்டிகளில் நீர் புகும் இடங்களுள் இந்த ரப்பர் முதன்மையான ஒன்றாகும்.

பட்டைகளுக்குப் பயன்படும் பொருட்களும் இக்காலத்தில் மாறின. சார்ள்ஸ் குட்இயர் 1839 ஆம் ஆண்டில் கண்டறிந்த கந்தக வன்கனைய முறை, வெப்பத்தில் உருகாமலும் குளிரில் உடையாமலும் இருக்கும் ரப்பரைத் தந்தது. எனினும் இயற்கை ரப்பரின் மூலக்கூறுகளில் உள்ள இரட்டைப் பிணைப்புகளைக் காற்றிலுள்ள ஓசோன் தாக்குவதால், வளைந்தும் இழுபட்டும் இருக்கும் இடங்களில் வெடிப்புகள் தோன்றுகின்றன. டுபாண்ட் நிறுவனத்தில் 1930 ஆம் ஆண்டில் உருவாக்கப்பட்ட நியோப்பிரீன் இக்குறையை ஓரளவு நீக்கியது. 1960களில் சந்தைக்கு வந்த ஈ.பி.டி.எம். என்னும் செயற்கை ரப்பரின் முதன்மைச் சங்கிலியில் இரட்டைப் பிணைப்புகள் இல்லை. ஆதலால் அது வெயிலையும் ஓசோனையும் நெடுங்காலம் தாங்குகின்றது. இன்று விற்கப்படும் மாற்றுப் பட்டைகள் பலவும் இப்பொருளாலானவை.

வகைகள்

கதவுச் சாளரத்தில் காணப்படும் பட்டைகளைப் பின்வருமாறு வகைப்படுத்தலாம்.

வெளி வழிப்பட்டை: கண்ணாடி கதவுக்குள் இறங்கும் பிளவின் வெளிவிளிம்பில் கிடைமட்டமாக அமைவது. இதன் ரப்பர் இதழ் கண்ணாடியோடு ஒட்டி நின்று நீரை வழித்து வெளியே தள்ளும். பல வண்டிகளில் இதன் மேல் பளபளப்பான உலோகப் பட்டை ஒன்று சேர்ந்திருக்கும்.

உள் வழிப்பட்டை: அதே பிளவின் உள்விளிம்பில் அமைவது. பெரும்பாலும் ஃபெல்ட் அல்லது வெல்வெட்டுப் போன்ற பரப்புக் கொண்டது. கண்ணாடி அதிர்ந்து ஒலி எழுப்புவதைத் தடுப்பதே இதன் முதன்மைப் பணி.

கண்ணாடித் தடம்: கதவின் மேற்சட்டகத்திலும் பக்கங்களிலும் ‘ப’ வடிவக் குறுக்குவெட்டுடன் அமைவது. கண்ணாடியின் விளிம்பு இதனுள் ஓடுகின்றது.

சட்டக ஓரப்பட்டை: சாளரச் சட்டகத்தின் வெளிமுகத்தை மூடும் உலோகப் பட்டை. இது மட்டுமே பெரும்பாலும் அழகுக்கானது. ஆயினும் இதன் அடியில் தேங்கும் ஈரம் துருவுக்குக் காரணமாகலாம்.

காற்றுக்கண்ணாடி ரப்பர்: முன்பகுதியிலுள்ள திரும்பும் கண்ணாடியைச் சுற்றி அமைவது.

இவற்றுள் உலோகப் பகுதிகள் துருவேறா எஃகு, ஆனோடாக்கம் செய்த அலுமினியம், குரோமிய முலாம் பூசிய பித்தளை, குரோமிய முலாம் பூசிய துத்தநாக வார்ப்பு ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றாலானவை. எந்த உலோகம் என்பதைக் கழற்றும் முன்னரே அறிந்துகொள்வது பயன் தரும். துருவேறா எஃகு சற்று வளைந்தால் மீண்டும் நேராக்கலாம். துத்தநாக வார்ப்பு வளையாது, ஒடிந்துவிடும். அலுமினியத்தில் ஒருமுறை கூர்மடிப்பு விழுந்தால் அதன் அடையாளம் முற்றிலும் மறைவது அரிது.

கதவினுள் நீர் செல்லும் வழி

மகிழுந்துக் கதவு நீர் புகாத பெட்டி அன்று. கண்ணாடி ஏறி இறங்க வேண்டியிருப்பதால் பிளவை முழுமையாக மூட இயலாது. வழிப்பட்டை புதிதாக இருந்தாலும் சிறிதளவு நீர் கதவுக்குள் இறங்கவே செய்யும். இதனை ஏற்றுக்கொண்டே கதவு வடிவமைக்கப்பட்டுள்ளது. நீரைக் கையாளும் ஒழுங்கு மூன்று அடுக்குகளைக் கொண்டது.

முதலாவது அடுக்கு, பெரும்பகுதி நீரை வெளியிலேயே நிறுத்தும் வெளி வழிப்பட்டை. இரண்டாவது, உள்ளே இறங்கிய நீர் பயணிகள் பக்கம் வராமல் தடுக்கும் திரை. கதவின் உட்தகட்டுக்கும் அழகுப்பலகைக்கும் இடையே ஒட்டப்படும் இத்திரை பழைய வண்டிகளில் தார் பூசிய தாளாகவும், பின்னர் நெகிழித் தாளாகவும் இருந்தது. மூன்றாவது, கதவின் அடிவிளிம்பில் உள்ள வடிதுளைகள். உள்ளே இறங்கிய நீர் இவற்றின் வழியாகவே வெளியேறுகின்றது.

இம்மூன்றுள் ஒன்று தவறினாலும் மற்றவற்றின் சுமை கூடுகின்றது. வழிப்பட்டை வெடித்தால் இலைத்துகளும் மண்ணும் நீரோடு சேர்ந்து உள்ளே இறங்கி வடிதுளைகளை அடைக்கின்றன. அடைபட்ட நீர் கதவின் அடியில் தேங்குகின்றது. அங்கு வெளித்தகடு உட்சட்டகத்தின் மேல் மடிக்கப்பட்டிருக்கும். அம்மடிப்பின் நுண்ணிடைவெளி நீரை உறிஞ்சி வைத்துக்கொள்கின்றது. துரு, தான் உருவான இரும்பைவிடக் கூடுதலான கனவளவைக் கொண்டது. ஆகவே மடிப்புக்குள் உருவாகும் துரு தகடுகளை விலக்கி, மேலும் நீர் புக இடமளிக்கின்றது. கடற்கரைப் பகுதிகளிலும், பனிக்காலத்தில் சாலைகளில் உப்புத் தூவும் நாடுகளிலும் இம்மாற்றம் விரைவாக நிகழும்.

எனவே ஓரப்பட்டையை மட்டும் புதிதாக மாற்றி, கிழிந்த திரையையும் அடைபட்ட துளைகளையும் அப்படியே விட்டுவிடுதல் பயனற்றது. பட்டை மாற்றும் வேலை, மூடிக்கிடக்கும் கதவின் உட்புறத்தைப் பார்ப்பதற்குக் கிடைக்கும் வாய்ப்பும் ஆகும்.

மாற்ற வேண்டியதற்கான அறிகுறிகள்

ரப்பர் இதழ் கண்ணாடியைத் தொடாமல் இடைவெளி தெரிதல், விரலால் அழுத்தும்போது மீண்டு வராமை, கண்ணாடியில் செங்குத்துக் கீறல்கள் தோன்றுதல், கதவை அறைந்து சாத்தும்போது கண்ணாடி கடகடவென ஒலித்தல், மழைக்குப் பின் அழகுப்பலகையின் அடிப்பகுதி ஊதிக் காணப்படுதல் ஆகியன முதன்மையான அறிகுறிகள். கீறல்கள் பெரும்பாலும் ரப்பர் தேய்ந்தபின் வெளித்தெரியும் உலோகக் கிளிப்புகளால் ஏற்படுவன. இந்நிலையில் தாமதித்தால் பட்டையோடு கண்ணாடியையும் மாற்ற நேரிடும்.

ஓர் எளிய சோதனையும் உண்டு. கண்ணாடியை முழுவதும் ஏற்றி, அதன் மீது ஒரு குவளை நீரை மெதுவாக ஊற்றிக் கதவின் அடியைக் கவனிக்க வேண்டும். வழிப்பட்டை நன்றாக இருந்தால் நீரின் பெரும்பகுதி கதவின் வெளிப்பக்கமாக வழியும். சிறிதளவே வடிதுளைகளில் சொட்டும். நீர் உள்ளே சென்றும் துளைகளில் ஒன்றும் சொட்டவில்லையெனில் துளைகள் அடைபட்டுள்ளன எனக் கொள்ளலாம்.

பொருத்தும் முறைகள்

பட்டை எவ்வாறு பொருத்தப்பட்டுள்ளது என்பதை அறியாமல் நெம்புவதே பழைய பட்டைகள் கெடுவதற்கு முதன்மைக் காரணமாகும். பொதுவாகக் காணப்படும் முறைகள் பின்வருமாறு.

வில் கிளிப்புகள்: தகட்டின் விளிம்பில் அல்லது துளையில் மாட்டிய கிளிப்புகள் பட்டையைப் பிடித்திருக்கும். கிளிப்பு உள்ள இடத்தில் மட்டும் நெம்ப வேண்டும்.

திருகாணிகள்: பெரும்பாலும் பட்டையின் முனைகளில், கதவைத் திறந்தால் மட்டுமே தெரியும் இடத்தில் இருக்கும்.

விளிம்பில் செருகுதல்: பட்டையின் அடிப்பகுதி தகட்டு விளிம்பைக் கவ்விப் பிடித்திருக்கும். இதனை நேர் மேல்நோக்கி, முனையிலிருந்து சிறிது சிறிதாகத் தூக்க வேண்டும்.

தறையாணி அல்லது கம்பித்தையல்: அமெரிக்கப் பழைய வண்டிகள் சிலவற்றில் காணப்படுவது. ஆணியின் தலையைத் துளையிட்டு நீக்க வேண்டும்.

ரப்பர் பள்ளம்: உலோகப் பட்டை ரப்பரின் பள்ளத்தில் பதிந்திருக்கும். கண்ணாடி இடத்தில் இருக்கும்போது இதனை இழுத்தால் பட்டை முறுக்கிக்கொள்ளும். ரப்பரோடு சேர்த்தே கழற்றுதல் நன்று.

கழற்றும் முறை

வேலை தொடங்குமுன் இரு கதவுகளையும் ஒரே நேரத்தில் கழற்றாமல் இருப்பது நல்லது. ஒரு கதவு முழுமையாக இருந்தால், மற்றதைப் பூட்டும்போது ஐயம் எழுந்தால் அதனைப் பார்த்துத் தெளியலாம். ஒவ்வொரு நிலையிலும் ஒளிப்படம் எடுத்து வைப்பதும், திருகாணிகளை அவற்றின் இடம் குறித்த சிறு பைகளில் இடுவதும் பின்னர் உதவும்.

1. பட்டையை ஒட்டிய வண்ணப்பூச்சின் மீது ஒட்டுநாடா ஒட்டப்படும். நெம்புகோல் நழுவினாலும் பூச்சில் கீறல் விழாது.

2. இறுகிய ரப்பர் வெயிலில் வைத்தோ வெந்நீர்த் துணியால் ஒற்றியோ மென்மையாக்கப்படும். மிகுந்த சூடு வண்ணப்பூச்சைக் கெடுக்கும்.

3. கண்ணாடியை ஏற்றியிறக்கும் கைப்பிடியும் உட்கைப்பிடியும் கழற்றப்படும். இவை வண்டிக்கேற்பக் குறுக்கு ஊசியாலோ, ‘ப’ வடிவ வில் வளையத்தாலோ, நடுவில் உள்ள திருகாணியாலோ பிடிக்கப்பட்டிருக்கும். குறுக்கு ஊசி உள்ளவற்றில் கைப்பிடியின் பின்னுள்ள வட்டத்தகட்டை உள்ளே அழுத்தினால் ஊசி தெரியும்.

4. அழகுப்பலகை, அதன் விளிம்பிலுள்ள கிளிப்புகளுக்கு அருகே அகன்ற கருவியை நுழைத்து விடுவிக்கப்படும். பழைய அட்டைப்பலகை ஈரத்தால் நைந்திருக்கும். கிளிப்பிலிருந்து தள்ளி நெம்பினால் பலகையின் துளை கிழிந்துவிடும்.

5. நீர்த்தடுப்புத் திரை கத்தியால் மெதுவாக உரிக்கப்படும். கிழிந்தால் அதனைப் படிமமாகக் கொண்டு தடித்த நெகிழித் தாளில் புதியது வெட்டலாம்.

6. வெளி வழிப்பட்டையை எடுக்கக் கண்ணாடி முழுமையாக இறக்கப்பட்டிருக்க வேண்டும். பல பழைய வண்டிகளில் கிளிப்பை அடையக் கண்ணாடியையே வெளியில் எடுக்க வேண்டியிருக்கும்.

7. பட்டை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை, ஒவ்வொரு கிளிப்பாக, சிறிது சிறிதாகத் தூக்கப்படும். நடுவில் பிடித்து இழுத்தல் கூடாது. நெம்புவதற்கு மரம் அல்லது நெகிழியாலான கருவியே ஏற்றது. திருப்புளியைப் பயன்படுத்துவதாயின் அதன் முனையில் நாடா சுற்ற வேண்டும்.

எடுத்துக்காட்டு: வோக்ஸ்வாகன் பீட்டில்

1938 முதல் 2003 வரை உற்பத்தி செய்யப்பட்ட வோக்ஸ்வாகன் பீட்டில், மொத்தம் 21,529,464 வண்டிகள் வெளிவந்த ஒரு மாதிரி ஆகும். உலகின் பல நாடுகளில் இன்னும் ஓட்டப்படுவதாலும், அதன் கதவு எளிய அமைப்புக் கொண்டதாலும், இவ்வேலையை விளக்க இவ்வண்டி ஏற்ற எடுத்துக்காட்டாகும்.

பீட்டிலின் கதவில் முன்புறம் முக்கோணக் காற்றுக்கண்ணாடியும், அதன் பின்னால் ஏறி இறங்கும் கண்ணாடியும் உள்ளன. இரண்டையும் பிரிக்கும் கம்பத்தின் பின்முகமே பெரிய கண்ணாடிக்கு முன்தடமாகவும் அமைகின்றது. வழிப்பட்டைகள் சிறு கிளிப்புகளால் தகட்டு விளிம்பில் பிடிக்கப்பட்டுள்ளன. கண்ணாடி கதவுக்குள் இருக்கும் வரை இக்கிளிப்புகளை ஒழுங்காக மாட்ட இடம் போதாது. ஆகவே வழக்கமான வரிசை பின்வருமாறு அமைகின்றது.

உட்கைப்பிடிகள், அழகுப்பலகை, திரை ஆகியன நீக்கப்பட்டபின் கண்ணாடி இறக்கப்பட்டு, அதன் அடிச்சட்டத்தை ஏற்றியிறக்கும் பொறியோடு இணைக்கும் மரையாணிகள் கழற்றப்படும். அவ்வேளையில் கண்ணாடியை மற்றொருவர் தாங்கிப் பிடிப்பது பாதுகாப்பானது. பின்னர் காற்றுக்கண்ணாடிச் சட்டகத்தின் மேற்பகுதித் திருகாணியும், நடுக்கம்பத்தின் அடியில் கதவுக்குள் உள்ள மரையாணியும் நீக்கப்படும். சட்டகம் பின்னோக்கிச் சாய்த்து மேலே தூக்கப்படும். இவ்வாறு இடம் வெறுமையான பின்னர் வழிப்பட்டைகளையும் தடத்தையும் எளிதில் எடுக்கலாம். பூட்டும்போது இவ்வரிசை தலைகீழாகும். முதலில் வழிப்பட்டைகள், இறுதியில் கண்ணாடி.

பீட்டிலுக்குப் பட்டை வாங்குவோர் வண்டியின் மாதிரி ஆண்டை அறிந்திருத்தல் இன்றியமையாதது. 1965 மாதிரி ஆண்டுக்காக, 1964 ஆகஸ்டிலிருந்து, எல்லாச் சாளரங்களும் பெரிதாக்கப்பட்டன. காற்றுக்கண்ணாடியின் நடுக்கம்பமும் சற்றுப் பின்சாய்வாக மாற்றப்பட்டது. ஆகவே அதற்கு முந்தைய வண்டிகளின் ரப்பர் பிந்தையவற்றுக்குப் பொருந்தாது. கூரை மடியும் பீட்டில் வகையில் கதவுக்கு நிலையான மேற்சட்டகம் இல்லாததால், அதன் பட்டைகளும் வேறானவை.

இந்தியாவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் 2014 ஆம் ஆண்டு வரை தயாரித்த அம்பாசிடரின் முன்கதவிலும் இதுபோன்ற முக்கோணக் காற்றுக்கண்ணாடி நெடுங்காலம் இருந்தது. அடிப்படை ஒன்றே எனினும் கிளிப்புகளின் வடிவமும் பட்டையின் நீளமும் வேறானவை. பழைய பட்டையைப் புதியது கையில் கிடைக்கும் வரை எறியாமல் வைத்திருத்தல் எல்லா வண்டிகளுக்கும் பொருந்தும் விதியாகும். உடைந்த பட்டையும் அளவெடுக்க உதவும்.

கதவைத் தூய்மைப்படுத்தல்

பட்டைகள் நீங்கியபின் கதவின் அடியிலுள்ள மண்ணும் துருத்தூளும் தூரிகையாலும் உறிஞ்சியாலும் அகற்றப்படும். வடிதுளைகள் மெல்லிய கம்பியால் திறக்கப்படும். தளர்ந்த துருவைச் சுரண்டி, துருமாற்றி அல்லது துத்தநாகம் கலந்த அடிப்பூச்சு பூசி, உலர்ந்தபின் மடிப்புகளுக்குள் ஊடுருவும் மெழுகுவகைக் காப்புப்பொருள் தெளிக்கப்படும். மெழுகு தெளித்தபின் வடிதுளைகள் மீண்டும் திறந்துள்ளனவா எனப் பார்ப்பது அவசியம்.

பட்டை அமர்ந்திருந்த தகட்டு விளிம்பில் பூச்சு தேய்ந்திருந்தால் அதனையும் பூசி மூட வேண்டும். துருவேறா எஃகும் அலுமினியமும் பூச்சற்ற இரும்பைத் தொட்டு ஈரமும் சேர்ந்தால், மின்வேதி அரிப்பு ஏற்படும். துருவேறா எஃகைத் தொடும் இடத்தில் இரும்புத் தகடும், இரும்பைத் தொடும் இடத்தில் அலுமினியப் பட்டையும் விரைந்து அரிக்கப்படும். கிளிப்புகளுக்கு அடியில் சிறிது மெழுகு அல்லது கிரீஸ் தடவுவது இதனைத் தடுக்கும்.

பழைய உலோகப் பட்டையைச் சீராக்கல்

எல்லா வண்டிகளுக்கும் புதிய உலோகப் பட்டை கிடைப்பதில்லை. குறைந்த எண்ணிக்கையில் தயாரிக்கப்பட்ட மாதிரிகளுக்குப் பழையதைச் சீராக்குவதே வழி. துருவேறா எஃகுப் பட்டையின் நெளிவுகளை உட்புறமிருந்து சிறு சுத்தியலால் மெதுவாகத் தட்டி உயர்த்தி, மெல்லிய அரத்தால் சமன்செய்து, நுண்மை கூடிவரும் உப்புத்தாள்களால் தேய்த்து, இறுதியில் துணிச்சக்கரத்தில் மெருகிடுவர். சக்கரம் பட்டையின் கூர்முனையைப் பற்றிக்கொண்டால் பட்டை கையிலிருந்து பறிக்கப்பட்டு வீசப்படும் என்பதால், விளிம்பை நோக்கியே மெருகிட வேண்டும். விளிம்புக்கு எதிராக அன்று.

அலுமினியப் பட்டையின் மேல் ஆனோடாக்கப் படலம் இருக்கும் வரை மெருகிட்டால் ஒளி வராது. படலத்தை வேதிமுறையில் நீக்கி, மெருகிட்டு, மீண்டும் ஆனோடாக்கம் செய்வதே முறையானது. குரோமிய முலாம் பூசிய பகுதிகளில் குழிகள் தோன்றியிருந்தால் மெருகு உதவாது. முலாமை நீக்கி மீண்டும் பூச வேண்டும்.

பொருத்தும் வரிசை

புதிய பட்டையை முதலில் கதவின் மீது வைத்து நீளமும் வளைவும் ஒப்பிடப்படும். இடது, வலது, முன், பின் வேறுபாடுகள் இந்நிலையில் தெரியவரும். கிளிப்புகளைப் பெரும்பாலும் புதிதாக மாற்றுவது நல்லது. விறைப்பு இழந்த கிளிப்பு பட்டையைச் சில மாதங்களில் விட்டுவிடும்.

ரப்பரை இழுத்து நீட்டிப் பொருத்துதல் பொதுவான ஒரு தவறு. நீட்டப்பட்ட ரப்பர் மெல்ல மெல்லத் தன் நிலைக்குச் சுருங்க முயலும்; முனைகளில் இடைவெளி உண்டாகும். மாறாக, சிறிது நீளமாக வெட்டி, நெருக்கி அமர்த்துவது நன்று. தடத்தின் மூலைகளில் உட்பக்கத்தை மட்டும் ஆப்பு வடிவில் வெட்டி மடித்தால் வெளிப்பக்கம் முறியாமல் தொடர்ந்து இருக்கும்.

ரப்பரை அமர்த்தச் சவர்க்கார நீர் போதுமானது. ஃபெல்ட் தடத்திற்கு உலர்ந்த சிலிக்கோன் தெளிப்பு ஏற்றது. கனிம எண்ணெயும் கிரீசும் இயற்கை ரப்பரையும் ஈ.பி.டி.எம். ரப்பரையும் ஊதச்செய்து மென்மையாக்கிக் கெடுக்கும். ஆதலால் அவற்றைப் பட்டைகளில் தடவுதல் கூடாது.

கண்ணாடியைப் பொருத்தியபின் அதனை ஓரிரு முறை மெதுவாக ஏற்றி இறக்கிப் பார்க்க வேண்டும். புதிய பட்டையில் முதலில் சற்று இறுக்கம் இருக்கும். ஒரு பக்கம் மட்டும் இறுகினால் தடம் நேராக அமையவில்லை எனப் பொருள். மரையாணிகளைச் சற்றுத் தளர்த்தி, கண்ணாடியை முழுவதும் ஏற்றிய நிலையில் மீண்டும் இறுக்கினால் கண்ணாடி தன் இடத்தைத் தானே கண்டுகொள்ளும். இறுதியாக நீர்ச் சோதனை செய்து, வடிதுளைகளில் நீர் சொட்டுவதை உறுதிப்படுத்திய பின்னரே திரையும் அழகுப்பலகையும் பூட்டப்படும்.

பொதுவான தவறுகள்

வெளி வழிப்பட்டைக்கும் தகட்டுக்கும் இடையே சிலிக்கோன் பசையை நிரப்புதல். இது நீரைத் தடுப்பதற்கு மாறாகப் பட்டையின் அடியில் ஈரத்தைச் சிறைப்படுத்தும். பின்னர் வண்ணம் பூசுவதற்கும் இடையூறாகும்.

வடிதுளைகளைத் துரு வரும் வழி எனக் கருதி அடைத்தல். இதனால் கதவு நீர்த்தொட்டியாக மாறும்.

திரையைத் தேவையற்றது என விட்டுவிடுதல். இதன் விளைவு சில மழைகளுக்குப் பின் அழகுப்பலகை ஊதி வளைவதிலும், தரைவிரிப்பு நனைவதிலும் தெரியவரும். நனைந்த விரிப்பின் அடியில் வண்டியின் தளத்தகடும் துருப்பிடிக்கும்.

தளர்ந்த பட்டையை நீளமான திருகாணி கொண்டு இறுக்குதல். திருகாணியின் முனை உள்ளே ஓடும் கண்ணாடியில் உரசும்.

பாதுகாப்பு

கதவுக் கண்ணாடி பெரும்பாலும் வன்மையாக்கிய கண்ணாடி ஆகும். இதன் பரப்பு வலுவானது எனினும் விளிம்பில் சிறு அடி பட்டாலும் முழுக் கண்ணாடியும் ஒரே கணத்தில் சிறு துண்டுகளாகச் சிதறக்கூடும். ஆகவே கழற்றிய கண்ணாடியைக் கற்தரையில் நிறுத்தாமல் துணி அல்லது மரத்தின் மீது வைக்க வேண்டும். கதவின் உட்தகட்டிலுள்ள திறப்புகளின் விளிம்புகள் கூர்மையானவை. கையுறை இன்றிக் கையை நுழைத்தல் ஆபத்தானது. கண் காப்புக் கண்ணாடியும் அணிதல் வேண்டும்.

மின்விசையால் இயங்கும் சாளரம் உள்ள வண்டிகளில் மின்கலத்தின் இணைப்பை முதலில் துண்டிக்க வேண்டும். பொறியிலுள்ள சுருள்வில் இறுகிய நிலையில் இருப்பதால், அதனைத் தேவையின்றிப் பிரித்தல் கூடாது. பக்கவாட்டுக் காற்றுப்பை உள்ள பிற்கால வண்டிகள் சிலவற்றில், மோதலை உணரும் அழுத்த உணரி கதவுக்குள்ளேயே உள்ளது. அவற்றில் திரை கிழிந்தோ ஒட்டாமலோ இருப்பது அவ்வுணரியின் செயற்பாட்டைப் பாதிக்கக்கூடும் என்பதால், தயாரிப்பாளரின் கையேட்டைப் பின்பற்றியே வேலை செய்ய வேண்டும்.

பேணுதல்

பொருத்திய பட்டைகளின் வாழ்நாள் வெயிலையும் தூசியையும் பொறுத்தது. வண்டியை நிழலில் நிறுத்துதல், மாதம் ஒருமுறை ஈரத்துணியால் ரப்பர் இதழைத் துடைத்தல், தூசி படிந்த கண்ணாடியை உலர்ந்த நிலையில் ஏற்றியிறக்காமல் இருத்தல் ஆகியன அதனை நீட்டிக்கும். ஆண்டுக்கு இருமுறையேனும், குறிப்பாக மழைக்காலத்திற்கு முன், வடிதுளைகளைத் திறந்து பார்த்தல் வேண்டும். ஒரு துண்டுக் கம்பியும் சில நிமிடங்களும் போதுமான இவ்வேலை, கதவின் அடித்தகட்டை வெட்டி ஒட்டும் பெருஞ்செலவைத் தவிர்க்கின்றது.

இவற்றையும் பார்க்கவும்

துருப்பிடித்தல்
ரப்பர்
வன்மையாக்கிய கண்ணாடி
துருவேறா எஃகு
வோக்ஸ்வாகன் பீட்டில்